உள்ளறைக் கதவுக்கு எந்த மரத்தில் லைனிங்?

2024 பெப்ரவரி 3, மாலை. வாசகர் கேள்வி

கொழும்பு வெள்ளவத்தையில் பழைய தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடி வீடு வாங்கித் திருத்துகிறோம். மூன்று உள்கதவுகளின் நிலைகளும் பூச்சி அரித்துப் போனதால் கழற்றியாயிற்று. இப்போது வெறும் வாசல்கள்தான். 4½ அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. வாசலின் அகலம் 2 அடி 11 அங்குலம். தச்சு வேலை பாஸ் 4க்கு 3 அங்குல மகோகனி நிலை போடுவோம் என்கிறார். மைத்துனர், உள்ளறைக்கு எதற்கு அவ்வளவு பெரிய மரம், மெல்லிய பலகையால் வாசலின் உட்புறத்தை மூடுகிற லைனிங் அடித்தால் போதும் என்கிறார். கடையில், மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் செட் தயாராக இருக்கிறது. ஒரு அறைக்கு ஏசி உண்டு, ஒன்று குளியலறை. அம்மா வோக்கர் பிடித்து நடக்கிறவர். எந்த மரம் வாங்குவது?

2024 பெப்ரவரி 3, இரவு

பலா. யோசிக்கவே வேண்டாம். வைரம் பாய்ந்த, அதாவது நடுமரம் இறுகிய, பலாவைக் கறையான் லேசில் தொடாது. முதலில் மஞ்சளாக இருக்கும், பத்து வருடத்தில் தேன் நிறம், பிறகு நல்ல கபிலம். கொழும்பில் பழைய வீடுகளில் கை வைத்துப் பார்த்தால் தெரியும், நூறு வருடப் பலா நிலை இன்னும் அசையாமல் நிற்கிறது.

நிலையா லைனிங்கா என்று கேட்டால், லைனிங். உள்ளறைக் கதவுக்கு மழையும் இல்லை, கள்வனும் இல்லை. சுவரின் முழுத் தடிப்பையும் மூடுகிற அகலத்தில் 1¼ அல்லது 1½ அங்குலப் பலகை மூன்று, அதன்மேல் கதவு வந்து முட்டுகிற சிறு பட்டி, இரண்டு பக்கமும் விளிம்பை மறைக்கிற ஆர்கிட்ரேவ். அவ்வளவுதான். 4க்கு 3 நிலையைவிட மரமும் குறையும்.

2024 பெப்ரவரி 4

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மரத்தின் பெயரை முதலில் சொன்னது பிழை. மரம் விற்கிற மரக்காலைக்குப் போக முன் சுவரை அளக்க வேண்டும்.

நிலை என்பது நம் ஊரில் சுவர் எழும்பும்போதே வைப்பது. செங்கல் அதை ஒட்டி வரும், பூச்சும் அதை ஒட்டி வரும். மரம் முந்தி, சுவர் பிந்தி. அதனால் சுவர் வளைந்தாலும் பூச்சுக்காரர் நிலையைப் பார்த்துச் சரிக்கட்டிவிடுவார். லைனிங் நேர்மாறு. சுவர் பூசி, காய்ந்து, தரை ஓடும் பதித்த பிறகு கடைசியில் வருவது. சுவரில் உள்ள பிழை எல்லாம் பலகையின் தலையில் விழும்.

4½ அங்குலச் சுவர் என்று சொல்வது வெறும் செங்கல்லின் கணக்கு. இரண்டு பக்கமும் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று பூச்சு ஏறினால் 5½, 5¾, 6 வரைக்கும் போகும். வாசலின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். மேலே தலைப்பலகை வருகிற இடத்தின் இரண்டு முனைகளிலும் அளந்து எழுதுங்கள். பிறகுதான் பலகை.

பலாவைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. அது இரண்டாவது கேள்வி என்று மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

2024 பெப்ரவரி 4, மதியம்

கீழே கருத்துப் பகுதியில் ஒருவர், கொழும்பில் மரக்காலைக்குப் போய்ப் பலா, முதிரை என்று கேட்டால் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். சிங்களப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பலா கொஸ். தேக்கு தெக்க. முதிரை புருத. வேம்பு கொஹொம்ப. மருது கும்புக். மலைவேம்பு லுனுமிதெல்ல. மகோகனிக்கு மகோகனிதான். மொறட்டுவைப் பக்கம் போகிறவர்கள் இந்த ஏழையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். விலை கன அடிக் கணக்கில் சொல்வார்கள். சீவின பலகையா சீவாத பலகையா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1½ அங்குலம் என்று வாங்கின பலகை இரண்டு பக்கமும் சீவினால் 1¼ ஆகிவிடும்.

2024 பெப்ரவரி 6

கேள்வி கேட்டவர் அளவுகள் அனுப்பியிருக்கிறார். ஒரே வாசலில் இடப்பக்கம் 140, 143, 146 மில்லிமீற்றர். வலப்பக்கம் 147, 147, 149. அதாவது ஒரே சுவர், இரண்டு காலுக்கும் (பக்கத்தில் நிற்கிற பலகைக்கு அதுதான் பெயர்) இரண்டு தடிப்பு. இதை வைத்துக்கொண்டு எல்லாப் பலகையையும் ஒரே 150 அகலத்தில் அறுப்பித்தால் இடப்பக்கம் பலகை சுவரைவிட்டு 10 மில்லிமீற்றர் வெளியே நிற்கும், ஆர்கிட்ரேவுக்குப் பின்னால் விரல் போகும். 140இல் அறுப்பித்தால் வலப்பக்கம் பூச்சு முன்னுக்கு வந்து ஆர்கிட்ரேவ் உட்காராது.

ஒவ்வொரு காலையும் அதனதன் சுவருக்குத் தனியாகச் சீவ வேண்டும். மேலே 140, கீழே 146 என்றால் பலகையும் அப்படியே சரிந்து போகட்டும். 7 அடியில் 6 மில்லிமீற்றர் சரிவு கண்ணுக்குத் தெரியாது. கையில் இழைப்புளி பிடிக்கத் தெரிந்த பாஸுக்கு இது அரை மணி நேர வேலை. கடையில் விற்கிற தயார் செட்டில் இதைச் செய்ய முடியாது. அதன் முகத்தில் ஒட்டியிருக்கிற தாள் விளிம்பில் கிழியும்.

வாசலின் அகலத்துக்கு வருவோம். 2 அடி 11 என்றால் 889 மில்லிமீற்றர். 32 மில்லிமீற்றர் லைனிங் இரண்டு பக்கம் 64. ஆப்பு வைத்து நேர்ப்படுத்த இரண்டு பக்கமும் பத்துப் பத்து, 20. கதவைச் சுற்றி இடைவெளி மும்மூன்று, 6. மிச்சம் 799. கதவு 2 அடி 7½ அங்குலம். முட்டுப்பட்டி 12 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் மனிதர் நடக்கிற வழி 781.

அதே வாசலில் 4க்கு 3 நிலை வைத்துப் பாருங்கள். 3 அங்குலம் இரண்டு பக்கம் 152, ஆப்புக்கு 20. வழி 717தான். இரண்டரை அங்குலம் போயிற்று. வோக்கர் பிடிக்கிற அம்மாவுக்கு அந்த இரண்டரை அங்குலம் பெரிய விஷயம். மரம் மிச்சமோ இல்லையோ, இந்த வீட்டுக்கு லைனிங்தான் வேண்டும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், கேள்வியிலேயே அம்மா இருக்கிறார்.

2024 பெப்ரவரி 7

மரம் மிச்சம் என்று 3ஆம் திகதி எழுதியதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிழை.

இரண்டு கால் 7 அடி, தலை 3¼ அடி, மொத்தம் 17¼ அடி ஓட்டம். 4க்கு 3 நிலைக்கு 1.44 கன அடி. 6க்கு 1½ லைனிங்குக்கு 1.08 கன அடி. இதுவரை நான் சொன்னது சரி. ஆனால் லைனிங்குக்கு முட்டுப்பட்டி தனியாக வேண்டும், கிட்டத்தட்ட 0.09. இரண்டு பக்கமும் 2½க்கு ¾ ஆர்கிட்ரேவ் கட்டாயம், அது 0.46 வரும். கூட்டினால் 1.63. நிலையைவிட மரம் கூடத்தான் போகிறது. நிலைக்குப் பூச்சை நேரே ஒட்டிவிட்டு ஆர்கிட்ரேவ் இல்லாமல் விடுகிறவர்கள் உண்டு, லைனிங்கில் அது முடியாது. அகலப் பலகைக்கு மரக்காலையில் விலையும் கூட.

ஆகவே காசை மிச்சம் பிடிக்க லைனிங் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்னதையும் சேர்த்துத்தான்.

2024 பெப்ரவரி 8

ஒருவர், "பலாவைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையாக எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன?" என்று கேட்டிருக்கிறார். சொல்ல வேண்டியதுதான்.

2015இல் தெஹிவளையில் எங்கள் வீட்டு இரண்டு அறைகளுக்குப் பலா லைனிங் போட்டேன். மரக்காலையில் "நல்லாய் காய்ந்தது, ஒரு வருடம் கிடந்தது" என்றார்கள். நம்பினேன். மஞ்சள் நிறம் அழகாக இருந்தது. பலகையின் ஓரங்களில் வெளிறிய பட்டை ஓடியதை அப்போது கவனித்தும் பெரிதாக எடுக்கவில்லை. நாலாம் மாதம் மேல் மூலையின் பொருத்து விரிந்தது. ஒரு கால் வில்லாக வளைந்து பூட்டு நாக்கு துவாரத்தில் விழவில்லை. கதவைத் தூக்கிப் பிடித்துப் பூட்ட வேண்டிய நிலை. இரண்டாம் வருடம் அந்த வெளிறிய பட்டை முழுக்க ஊசித் துவாரம், கீழே மா போலத் தூள்.

பலாவின் வைரத்தைத்தான் பூச்சி தொடாது. ஓரத்தில் வெளிறி ஓடுகிற வெள்ளையைத் தொடும். தேக்கிலும் அப்படியே, வைரம் உறுதி, வெள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பலகையின் பெயரைக் கேட்டு வாங்கினேன், வெள்ளையை அறுத்து நீக்கச் சொல்லவில்லை. ஈரத்தையும் சோதிக்கவில்லை. மரத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. காய்ந்தது என்று சொல்லி விற்றவர் மேல் இன்றும் உண்டு.

2024 பெப்ரவரி 9

ஈரம் சோதிப்பதை இங்கே எழுதி வைக்கிறேன், மானி வாங்கத் தேவையில்லை.

பலகையின் முனையில் வெட்டாதீர்கள், முனை எப்போதும் சீக்கிரம் காய்ந்திருக்கும். ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு அங்குலத் துண்டு குறுக்காக அறுத்துத் தரச் சொல்லுங்கள். உடனே பொலித்தீனில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் நிறுங்கள். பிறகு கேக் சுடுகிற மின்னடுப்பில் 100 பாகை செல்சியஸ் அளவில் வைத்து, நிறை இறங்குவது நிற்கும் வரை நாலைந்து மணிக்கொரு தடவை நிறுத்துப் பாருங்கள். முதலில் 82 கிராம், கடைசியில் 70 என்றால் போனது 12. பன்னிரண்டை 70ஆல் பிரித்தால் 17 சதவீதம். காய்ந்த நிறையால் பிரிக்க வேண்டும், முதல் நிறையால் அல்ல.

கொழும்புக் காற்றில் கூரைக்குக் கீழே எவ்வளவு நாள் வைத்தாலும் மரம் 15, 16 சதவீதத்துக்குக் கீழே அதிகம் போகாது, காற்றே அவ்வளவு ஈரம். ஆகவே 17 வந்தால் சாதாரண அறைக்குத் தாராளமாக வாங்கலாம். 20க்கு மேல் என்றால் வாங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சிறு குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, இரண்டு மூன்று மாதம் விடுங்கள். என் தெஹிவளைப் பலகையின் மிச்சத் துண்டை அப்போது இப்படிச் சோதித்தேன். 24 வந்தது. பொருத்திய பிறகு.

2024 பெப்ரவரி 11

ஏசி அறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த வீட்டில் கஷ்டமான வாசல் அதுதான்.

இரவு முழுக்க ஏசி ஓடுகிற அறையில் காற்றின் ஈரப்பதன் 55, 60 சதவீதத்துக்கு இறங்கும். அந்தக் காற்றோடு மரம் பொருந்திப்போனால் அதன் ஈரம் 10, 11. கதவுக்கு அந்தப் பக்கம் ஹோலில் 16. ஒரே லைனிங் பலகையின் ஒரு விளிம்பு அறையைப் பார்க்கிறது, மற்ற விளிம்பு ஹோலைப் பார்க்கிறது.

தேக்கு பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது வளையத்தின் போக்கில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும், குறுக்குப்போக்கில் அதில் பாதிகூட இல்லை. 17இலிருந்து 11க்கு இறங்கினால் ஆறங்குலத் தட்டைப் பலகையில் ஒன்றே முக்கால் மில்லிமீற்றர் போகும். மகோகனி அதே இறக்கத்தில் 1.2 மில்லிமீற்றர் அளவுதான். அதனால் ஏசி அறைக்குப் பாஸ் சொன்ன மகோகனி மோசமான யோசனை இல்லை. அவரிடம் அதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பலகை எப்படி அறுக்கப்பட்டது என்பது அதைவிட முக்கியம். முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது நெளியாது. வில்லாகப் படுத்திருந்தால் காயும்போது வளையங்கள் நிமிரப் பார்க்கும், பலகை கூனும். கிடைத்தது வில் வளையப் பலகைதான் என்றால், மரத்தின் நடுவைப் பார்த்த முகம் வாசல் பக்கம் வரட்டும். அப்போது கூனினாலும் இரண்டு விளிம்பும் சுவரை நோக்கி இழுக்கும், ஆர்கிட்ரேவ் பொருத்து திறக்காது. பின்புறத்தில் நீளவாக்கில் இரண்டு காடி, அதாவது பள்ளக் கோடு, ஓட்டிவிட்டால் இன்னும் நல்லது. பின்புறத்துக்கும் ஈரம் ஏறாமல் மூடுகிற சீலர் அடியுங்கள். முன்பக்கம் மூன்று கோட் வார்னிஷ், பின்பக்கம் வெறும் மரம் என்று விட்டால் கூனலுக்கு நாங்களே வழி செய்து கொடுக்கிறோம்.

2024 பெப்ரவரி 12

முதிரை வாங்கலாமா என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் கேட்கிறார். அவருடைய பாட்டன் வீட்டில் தலைவாசல் நிலை முதிரையாம், உளி பட்டால் மணம் வருமாம். எங்கள் அம்மம்மா வீட்டிலும் அதுதான். வன்னியிலிருந்து வண்டியில் வந்த மரம் என்று சொல்வார்கள். ஆணி இறங்காது, துளை போட்டுத்தான் திருகாணி ஏற்ற வேண்டும். அழகுக்கு அதற்கு மேல் மரமில்லை.

ஆனால் புது முதிரை வாங்காதீர்கள். வன்னிக் காட்டில் கள்ளமாக வெட்டுவது எவ்வளவு என்று பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். உள்ளறை லைனிங்குக்கு அந்தப் பலமும் தேவையில்லை. உடைக்கிற பழைய வீட்டிலிருந்து வருகிற முதிரை கிடைத்தால் அது வேறு கதை. ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம், இனி நெளிய அதில் ஒன்றும் இல்லை. பழைய 4க்கு 3 நிலையைப் பிளந்தால் நாலங்குலப் பலகைதான் வரும், 5¾க்குப் போதாது. முட்டுப்பட்டி வருகிற இடத்தில் இன்னொரு துண்டை நாக்கும் காடியுமாகச் சேர்த்தால், சேர்த்த கோடு பட்டிக்குள் மறைந்துவிடும். பழைய ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டு ஆலைக்குக் கொண்டுபோங்கள், வாளின் பல் போனால் அவர்கள் கூலியோடு சேர்த்துக் கேட்பார்கள்.

இன்னொருவர், தன் வளவில் நிற்கிற பலாவை வெட்டிச் செய்தால் என்ன என்கிறார். அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1951இன் 9ஆம் இலக்கச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் உண்டு. உணவு தருகிற மரம் என்பதற்காக. உங்கள் வளவாக இருந்தாலும் அதேதான்.

2024 பெப்ரவரி 13

சின்னம்மா ஒருவர் தொலைபேசியில் கேட்டாராம், உள்கதவு வைக்கவும் நாள் பார்க்க வேண்டுமா என்று. நாள் பார்த்து, மஞ்சளும் நவதானியமும் காசும் வைத்து நிறுத்துவது தலைவாசல் நிலையை. உள்ளறைக்கு எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் அம்மா முதல் திருகாணி ஏற்ற முன் பலகையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

2024 மார்ச் 2

கழற்றின பழைய நிலையின் படம் வந்திருக்கிறது. நான் கறையான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் மாடி என்பதை யோசிக்கவில்லை.

மண் கறையான் வந்தால் சுவரில் மண் குழாய் ஓடியிருக்கும். மூன்றாம் மாடிக்கும் அது குழாய்ப் பாதை வழியே ஏறும், முடியாதென்றில்லை. ஆனால் இந்தப் படத்தில் மண்ணே இல்லை. மரத்துக்குள் சுத்தமான அறைகள், தரையில் கசகசா போல மணி மணியாகக் கொட்டியிருக்கிறது. இது உலர்மரக் கறையான். மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துவது. நிலத்தில் மருந்து அடித்து இதற்குப் பயனில்லை. வீட்டில் பழைய அலுமாரி, யன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் கீழே அந்த மணிகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் புது மரம் உள்ளே வர வேண்டும்.

அடையாளம் இப்படி வைத்துக்கொள்ளலாம். மண் குழாய் என்றால் நிலக் கறையான். கசகசா மணி என்றால் உலர்மரக் கறையான். மா போலத் தூளும் வட்ட ஊசித் துவாரமும் என்றால் வண்டு, 2015இல் போட்ட என் பலகைக்கு வந்தது. வெள்ளை மரத்தை வண்டு தின்னாமல் இருக்கப் போரக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் போதும், வார்னிஷ் அடிக்க முன் வெறும் மரத்தில் ஊறவிட வேண்டும். தண்ணீர் படுகிற இடத்தில் அது கழுவிப் போய்விடும், குளியலறைக்கு நம்பாதீர்கள்.

2024 மார்ச் 3

இறப்பர் மரத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். பச்சையாக அறுத்த இறப்பர் மரத்தைப் பூச்சியும் நீலப் பூஞ்சையும் விடாது, அதனால் வேண்டாம் என்று எழுதப் போனேன். பிறகு ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிற நண்பரோடு கதைத்தேன். இப்போது வருகிற இறப்பர் பலகை மருந்தேற்றி, சூளையில் காயவைத்து, சிறு துண்டுகளை விரல் கோத்தது போல முனைக்கு முனை இணைத்து ஒட்டினது. நேராக இருக்கும், ஈரம் தெரிந்திருக்கும், வெள்ளையா வைரமா என்ற பிரச்சினையும் இல்லை. பெயின்ற் அடிக்கப் போகிற லைனிங் என்றால் பலாவுக்குக் காசு கொட்டத் தேவையில்லை, இது போதும். ஒரு மாதத்துக்கு முன் இதை நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

எம்.டி.எஃப். பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆர்கிட்ரேவுக்கு, காய்ந்த அறையில், சரி. கதவைத் தாங்குகிற பிணைச்சல் ஏறுகிற காலுக்கு வேண்டாம். அதன் விளிம்பில் திருகாணி பிடிக்காது. தரையைத் துடைக்கிற ஈரத்துக்கே அடி ஊதும்.

2024 மார்ச் 9

குளியலறை வாசல். இதற்கு மரமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அலுமினியம் அல்லது பி.வி.சி. கலந்த பலகை. அவர்கள் மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், விளங்குகிறது.

சரி, மரம்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். மரம் தரைவரை வரக்கூடாது. அடியில் 4 அங்குல உயரத்துக்குக் கருங்கல் துண்டு ஒன்றை லைனிங்கின் அதே அகலத்துக்கு வெட்டிப் பதித்து, அதன்மேல் காலை நிறுத்துங்கள். மரத்தின் அடி முனை தண்ணீரை உறிஞ்சுகிற வாய், நாருக்கு நார் குழாய் மாதிரி. அந்த முனைக்கு எபொக்சி அல்லது தடித்த பெயின்ற் மூன்று கோட். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் சிலிக்கன். மற்ற அறைகளிலும் தரை ஓட்டுக்குமேல் 3 மில்லிமீற்றர் தூக்கியே நிறுத்துங்கள், ஆர்கிட்ரேவ் மட்டும் தரையைத் தொடட்டும். அது பழுதானால் மாற்றுவது சுலபம்.

2024 மார்ச் 10

நேற்று அவசரத்தில் விட்டது. வெள்ளவத்தையில் அந்த வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். சாதாரண இரும்புத் திருகாணி இரண்டு மழைக்குத் துருவேறி மரத்தில் கறுப்புக் கோடு இறக்கும். துருப்பிடிக்காத உருக்கு அல்லது பித்தளை. பிணைச்சலும் அப்படியே, ஒரு கதவுக்கு மூன்று.

ஆப்பு சோடியாக, எதிரெதிராக, பிணைச்சல் மூன்றுக்கும் பூட்டுக்கும் நேர் பின்னால் வர வேண்டும். நுரை அடைப்பை மட்டும் நம்பித் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நுரை இடைவெளியை நிரப்பும், கதவைச் சுமக்காது. சுவருக்குப் போகிற திருகாணிகளை முட்டுப்பட்டி வரும் கோட்டில் ஏற்றினால் தலை எல்லாம் பட்டிக்குக் கீழே மறையும். முந்தி செங்கல் இடுக்கில் மரக்கட்டை இறுக்கி அதில் ஆணி அடிப்பார்கள். அந்தக் கட்டைதான் பூச்சிக்கு முதல் சாப்பாடு. நைலோன் பிளக் போடுங்கள்.

முட்டுப்பட்டியைக் கடைசியில் அடியுங்கள், கதவு தொங்கி, பூட்டு விழுந்த பிறகு. முதலில் அடித்துவிட்டுக் கதவை அதற்கேற்பச் சீவுவது தலைகீழ் வேலை.

2024 ஏப்ரல் 6

வேலை முடிந்ததாகப் படம் வந்தது. ஹோல் பக்க அறைக்குப் பலா, வெள்ளை நீக்கியது. ஏசி அறைக்கு மகோகனி. இரண்டுக்கும் ஒரே சாயம் பூசியிருக்கிறார்கள், தூரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பலா நாளாக நாளாகக் கறுக்கும், அப்போது தெரியும். அதற்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, எனக்குப் பலா கறுப்பது பிடிக்கும்.

அம்மாவை வோக்கரோடு வாசலில் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் விரல் போகிற இடம் மிச்சம். 4க்கு 3 வைத்திருந்தால் கை மொட்டு உரசியிருக்கும்.

2024 ஒக்டோபர் 27

எதிர்பார்த்த செய்தி. இரண்டு வாரமாக மழை, பலா வாசலின் கதவு பூட்டுப் பக்கம் இறுகுகிறதாம். லைனிங் ஊதிவிட்டதா, பலா ஏமாற்றிவிட்டதா என்று கேட்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்த யோசனையும் அதுதான், சுவர் ஈரம் பின்னால் ஏறியிருக்கும் என்று. எழுதி அனுப்பவும் போனேன். பிறகு 3 மில்லிமீற்றர் பிளைவூட் துண்டு ஒன்றைக் கதவைச் சுற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பிணைச்சல் பக்கம் போகிறது, மேலே போகிறது, பூட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. லைனிங்கின் தடிப்பு 32 மில்லிமீற்றர்தான், அது ஊதினாலும் மயிரிழை. அகலம் ஊதினால் ஆர்கிட்ரேவ் பக்கம்தான் தள்ளும், கதவின் பக்கம் அல்ல. ஊதியது கதவு. 799 மில்லிமீற்றர் அகலத்தில் நெடுக மரம் சேர்த்துச் செய்த கதவு, மழைக்கு முன் மூன்று மில்லிமீற்றர் இடைவெளி வைத்துத் தொங்கவிட்டது. நான் கொடுத்த அந்த மூன்று குறைவு. காய்ந்த மாதத்தில் தொங்கவிடுகிறவர்கள் பூட்டுப் பக்கம் நாலு, நாலரை வையுங்கள். பெப்ரவரி 6ஆம் திகதிக் கணக்கில் இதைத் திருத்தி வாசியுங்கள், கதவு 798.

இப்போதே சீவ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மழையில் சீவினால் ஜனவரியில் இடைவெளி பெரிதாகத் தெரியும். மழை விட்ட பிறகு ஒன்றரை மில்லிமீற்றர் மட்டும் எடுத்து, சீவின விளிம்புக்கு உடனே சீலர். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். வெறும் மரம். அங்கே யாரும் பூசவில்லை.

2025 பெப்ரவரி 2

ஒரு வருடம். நேற்று அந்த வீட்டுக்கு நேரே போயிருந்தேன், முதல் தடவை. தேத்தண்ணீர் வர முன் ஏசி அறை வாசலில் நின்று தடவிப் பார்த்தேன். மேல் மூலைப் பொருத்தில் நகம் நுழையவில்லை. பலா வாசலில் கதவு ஒரு விரலால் மூடுகிறது, இடைவெளி நாலு மில்லிமீற்றர், ஜனவரி வெயிலுக்குப் பிறகு அது சரியான அளவு. கசகசா மணி எங்கும் இல்லை. யன்னல் சட்டம் ஒன்றைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள்.

குளியலறைக்குக் கருங்கல் அடி வைத்து இறப்பர் மர லைனிங், வெள்ளைப் பெயின்ற். கல்லுக்கு மேலே சிலிக்கன் ஒரு பக்கம் கழன்றிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு நாள் காயவிட்டு, புதிதாக அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மழைக்கு முன் செய்ய வேண்டும்.